கயிற்றைச் சோதிப்பவர்கள்

(கோலார் தங்கவயலில் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தங்கவயல் என்றவுடன் தங்கத்தைப் பற்றிப் பேசுவதே வழக்கம். அத்தங்கத்தை மேலே கொண்டுவந்த கூண்டையும், கூண்டைத் தாங்கிய இரும்புக் கயிற்றையும், அக்கயிற்றை நாள்தோறும் சோதித்துப் பார்த்த தொழிலாளியையும் பற்றிப் பேசுவோர் குறைவு. சாம்பியன் ரீப் சுரங்கம் தரைமட்டத்திலிருந்து 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. இறங்கிய ஒவ்வொரு கூண்டிலும் மனித உயிர்கள் இருந்தன. கயிற்றைச் சோதிக்காமல் கூண்டை இறக்கக் கூடாது என்பது சுரங்க வேலையின் அடிப்படை விதி. சோதனை ஒழுங்காக நடக்கும் வரையில் அது எவர் கண்ணிலும் படுவதில்லை. அது தவறும் நாளில்தான் அதன் மதிப்பு உலகுக்குத் தெரிகிறது.

கணினித் துறையிலும் இத்தகைய சோதனை உண்டு. அதன் சுமையைத் தாங்குவோரில் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். அவர்களுடைய சோதனைக் கட்டமைப்பு நின்றுபோகும் நிலைக்கு வந்ததும், அவர்கள் ஒன்றுகூடி அதை மீட்டதும் தொழிலாளர் இயக்கம் அறிய வேண்டிய செய்திகள். இதைத் தங்கவயலில் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன் பிறகு மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் ரயில்களே இவ்வூர் மக்கள் பலரின் பிழைப்பாயின. காவலாளிகளாகவும் துப்புரவுத் தொழிலாளர்களாகவும் செல்வோருடன், மென்பொருள் எழுதவும் சோதிக்கவும் செல்லும் இளைஞர்களும் அதே பெட்டிகளில் பயணம் செய்கின்றனர். சுரங்கத் தொழிலாளியின் பேரனும் பேத்தியும் கணினி முன் அமர்ந்திருக்கும் காலம் இது.

எது பொதுச்சொத்து?

கட்டற்ற மென்பொருள் என்பது, எவரும் பயன்படுத்தவும், படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருள். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் இத்தகைய மென்பொருளைக் கொண்டே இயங்குகின்றன. கைப்பேசியில் தமிழ் எழுத்துக்கள் சரியாகத் தெரிவதும் இதனால்தான். ‘கொ’ என்ற எழுத்தைக் கணினி நினைவில் கொள்ளும் வரிசை வேறு. கண்ணுக்குக் காட்ட வேண்டிய வரிசை வேறு. முதலில் ககரமும் அதன்பின் உயிர்க்குறியும் பதிவாகின்றன. திரையிலோ கொம்பு முன்னேயும் கால் பின்னேயும் வர வேண்டும். இந்த வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரல்தொகுதி ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்றவற்றிலும் இருக்கிறது. அதைத் திருத்தும்போதெல்லாம் தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துமுறைகளின் சோதனைச் சொற்கள் அதில் ஓட்டிப் பார்க்கப்படுகின்றன. வேறொரு மொழிக்காகச் செய்த திருத்தம் தமிழைச் சிதைத்துவிடவில்லை என்பதை உறுதிசெய்வது அந்தச் சோதனையே.

இவ்வகைச் சோதனைக்குத் தொடர் சோதனை என்று பெயரிடலாம். உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் ஒரு வரியைத் திருத்தி அனுப்புகிறார். உடனே பல இயந்திரங்கள் அந்த நிரலைத் தொகுத்து, இயக்கி, பழைய விடைகளோடு ஒப்பிட்டு, தேறியதா தவறியதா என்று அறிவிக்கின்றன. திரையில் படம் காட்டும் நிரல்களை உண்மையான கருவிகளில் ஓட்டித்தான் சோதிக்க முடியும். அதற்கெனக் கைப்பேசிகளும் மடிக்கணினிகளும் சிறு கணினிகளும் அடுக்கடுக்காக வைக்கப்பட்ட ஆய்வகங்கள் உள்ளன. இவற்றுக்கு மின்சாரம் வேண்டும். இணைய இணைப்பு வேண்டும். பழுதானதை மாற்ற ஆள் வேண்டும். நிரல் காற்றில் மிதப்பதன்று. அதற்கும் ஒரு சுரங்கம் உண்டு.

நன்கொடை நின்றபோது

ஃப்ரீடெஸ்க்டாப் என்ற கூட்டமைப்பு 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. லினக்ஸ் கணினியின் திரைக்காட்சிக்கு அடிப்படையான எக்ஸ்.ஆர்க், வேலண்ட், மெசா முதலியனவும், பி.டி.எஃப். கோப்புகளைத் திறந்து காட்டும் பாப்ளரும் அங்கேயே வளர்கின்றன. 2020 பிப்ரவரியில் அதன் நிதிப்பொறுப்பை ஏற்றிருந்த எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளை ஓர் எச்சரிக்கை விடுத்தது. வாடகை மேகக்கணினியில் நடந்த சேவைக்கு ஆண்டுக்குச் சுமார் 75,000 டாலர் செலவாகும். அதில் பெரும்பங்கு தொடர் சோதனைக்கு உரியது. நிதி கிடைக்காவிட்டால் சில மாதங்களில் சோதனையை நிறுத்த நேரிடும் என்றது. ஒவ்வொரு சோதனைக்கும் பெருங்கோப்புகள் மீண்டும் மீண்டும் இறக்கப்பட, அந்தப் போக்குவரத்துக்கெல்லாம் மேகக்கணினி நிறுவனம் கட்டணம் விதித்தது. தன்னார்வலர்கள் வீண் இறக்கங்களைக் குறைக்க முனைந்தனர். மற்றொரு நிறுவனம் இயந்திரங்களை நன்கொடையாக அளித்தது. நெருக்கடி தணிந்தது.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. நன்கொடை அளித்த நிறுவனம் அதற்குள் எக்வினிக்ஸ் என்ற பெருநிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. எக்வினிக்ஸ் அந்தத் தொழிற்பிரிவையே மூடிவிட முடிவு செய்தது. 2025 ஏப்ரல் இறுதிக்குள் இயந்திரங்களைக் காலிசெய்ய வேண்டும் என்ற செய்தி ஜனவரியில் வந்தது. ஆல்பைன் லினக்ஸ் என்ற மற்றொரு திட்டமும் இதே காரணத்தால் தவித்தது. எக்வினிக்ஸ் தீய எண்ணத்தோடு இதைச் செய்தது என்று கூற வேண்டியதில்லை. இலாபக் கணக்கில் அந்தப் பிரிவு தேறவில்லை; மூடினார்கள். நன்கொடை என்பது கொடுப்பவரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. அந்த வரியை அடிக்கும் உரிமை கொடுப்பவரிடமே இருக்கிறது.

இம்முறை தன்னார்வலர்கள் எடுத்த முடிவு கவனத்துக்குரியது. இன்னொரு வள்ளலைத் தேடி அலைவதை விட, இயந்திரங்களைத் தங்கள் பெயரிலேயே வாடகைக்கு எடுத்து, செலவைப் பலரிடமிருந்து திரட்டும் வழியை அவர்கள் தேர்ந்தனர். 2025 மார்ச்சில் சேவையை நிறுத்தி, தரவுகளை ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனத்து இயந்திரங்களுக்கு மாற்றி, சோதனையை மீண்டும் ஓடச் செய்தனர். ஒரு நன்கொடையாளர் விலகினாலும் மற்றவர்களின் பங்கு நிற்கும். இயந்திரம் ஒரே இரவில் பறிபோகாது. இதைச் செய்து முடித்தவர்கள் விரல்விட்டு எண்ணத் தக்க சிலரே. அவர்களுக்குப் பின்னே உறுப்பினர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு ஒன்றும், வெளிப்படையான கணக்கும் இருந்தன. அதே வசந்தத்தில், பல கட்டற்ற திட்டங்களுக்கு இடமளித்து வந்த அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகமும் 2,50,000 டாலர் பற்றாக்குறையால் மூடும் நிலைக்கு வந்து, வேண்டுகோளுக்குப் பின் தப்பியது.

உரிமம் காப்பதும் காக்காததும்

மூலதனம் மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் பொதுமை உழைப்பையும் கூட்டு உழைப்பையும் பிரித்துக் காட்டுகிறார். அறிவியல் கண்டுபிடிப்பு பொதுமை உழைப்பு. முன்னோரின் உழைப்பும் இன்றுள்ளோரின் ஒத்துழைப்பும் அதில் கலந்திருக்கின்றன. கூட்டு உழைப்போ மனிதர்கள் நேரடியாகக் கைகோத்துச் செய்வது. இந்தப் பிரிவினை நமது பொருளைத் தெளிவாக்குகிறது. எழுதி முடித்த நிரல் பொதுமை உழைப்பின் விளைவு. கட்டற்ற உரிமம் அதைத் தனியார் வேலியிட முடியாதபடி காக்கிறது. சோதனையோ நாள்தோறும் செய்ய வேண்டிய கூட்டு உழைப்பு. அதற்குரிய இயந்திரத்தையும் மின்சாரத்தையும் உழைப்பவரின் நேரத்தையும் எந்த உரிமமும் காப்பதில்லை. அவற்றைக் காப்பது அமைப்பு ஒன்றே.

தங்கவயல் இதைக் கசப்பான வழியில் கற்றது. 1880-இல் இங்கு வந்த ஜான் டெய்லர் நிறுவனத்திடமிருந்து 1956-இல் சுரங்கங்கள் பொதுவுடைமையாயின. எனினும் ‘பொதுத்துறை’ என்ற பெயர்ப்பலகை அவற்றைக் காப்பாற்றவில்லை. இலாபம் இல்லை என்ற ஒற்றைக் காரணத்தின் பேரில் ஒன்றிய அரசு மூடியது, நீரிறைப்பு நின்றது, தலைமுறைகள் தோண்டிய சுரங்க வழிகளில் தண்ணீர் நிறைந்தது. ஆவணத்தில் பொதுவாக இருப்பது போதாது. பராமரிப்பை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதே கேள்வி. மென்பொருளுக்கு ஒரு சாதகம் உண்டு: நிரலின் படிகள் ஆயிரம் கைகளில் இருப்பதால் ஓரிடத்தில் நின்றதை வேறிடத்தில் மீட்கலாம். நீரில் மூழ்கிய சுரங்கத்துக்கு அந்த வாய்ப்பில்லை.

தனி ஆளின் தோளில்

அமைப்பு இல்லாத இடத்தில் நேர்வது என்ன என்பதை 2024 மார்ச் காட்டியது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்ற சிறு கருவி ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினிகளிலும் உண்டு. அதைப் பல்லாண்டுகளாகத் தனியொருவர் ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். அவர் களைத்திருந்த வேளையில், ‘ஏன் தாமதம்? பொறுப்பை வேறொருவருக்குக் கொடுங்கள்’ என்று புனைபெயர்களிலிருந்து நெருக்கடி கொடுக்கப்பட்டது. உதவுவதாக வந்த ஒருவர் நம்பிக்கையைப் பெற்று, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உழைத்து, இறுதியில் கள்ளக் கதவு ஒன்றை நுழைத்தார். அதை ஒளித்து வைத்த இடம் எது தெரியுமா? சோதனைக்கென வைக்கப்பட்ட மாதிரிக் கோப்புகள். எவரும் திறந்து பார்க்காத இடம் அதுவே என்று அவர் அறிந்திருந்தார். வேறொரு நிரலைச் சோதித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், உள்நுழைவதற்கு அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவியதால் உலகம் தப்பியது. அரை வினாடியைப் பொருட்படுத்தும் அந்த மனப்பான்மைதான் கயிற்றைச் சோதித்த தொழிலாளியிடமும் இருந்தது.

இது கணினி வல்லுநர்களின் பொழுதுபோக்கு, உழைக்கும் மக்களுக்கு இதில் என்ன என்று தோழர் சிலர் கேட்கலாம். குடும்ப அட்டை, ஓய்வூதியம், வருகைப் பதிவு, மருத்துவமனைச் சீட்டு என அனைத்தும் கணினிக்குள் போய்விட்டன. அவற்றைத் தாங்கி நிற்கும் அடித்தளத்தில் பெரும்பகுதி கட்டற்ற மென்பொருள். அது பழுதானால் ரேகை பதியாமல் அரிசி இன்றித் திரும்புபவர் ஏழைத் தொழிலாளியே. ஊதியமற்ற இந்த உழைப்பை இலவச மூலப்பொருளாக எடுத்துக்கொண்டு பன்னாட்டு நிறுவனங்கள் கோடிகளைக் குவிக்கின்றன என்பதும் மறக்கத் தக்கதன்று.

செய்ய வேண்டியவை

1930-இல் தங்கவயல் தொழிலாளர்கள் கைரேகைப் பதிவுக்கு எதிராக மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கம் என்ற ஒன்று அப்போது இல்லை. தன்னெழுச்சியே அவர்களை நடத்தியது. பின்னர் தோழர் கே.எஸ். வாசன் உள்ளிட்டோர் சங்கத்தைக் கட்டினர். 1946 நவம்பர் 4 அன்று துப்பாக்கிச் சூட்டில் தோழர்கள் உயிர்நீத்த பிறகும் இயக்கம் கலையாமல் நின்றது அந்தச் சங்கத்தால்தான். தன்னார்வம் தொடங்கிவைக்கும், அமைப்பே நிலைநிறுத்தும். மென்பொருள் தன்னார்வலர்களும் இதே பாடத்தைத் தங்கள் வழியில் கற்று வருகின்றனர். அவர்களுடன் கைகோக்க வழிகள் உள்ளன.

முதலாவது, அரசிடம் வைக்க வேண்டிய கோரிக்கை. ஒன்றிய அரசு 2015-இல் வெளியிட்ட திறந்தமூல மென்பொருள் கொள்கை, அத்தகைய மென்பொருளுக்கு முன்னுரிமை தருவதோடு, அதை உருவாக்கும் சமூகங்களுடன் ஒத்துழைத்துப் பங்களிப்பதாகவும் கூறுகிறது. பயன்படுத்துவது நடக்கிறது, பங்களிப்பு எங்கே? பொதுத்துறைத் தரவு மையங்களிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகளிலும் சோதனை இயந்திரங்களுக்கு இடமும் மின்சாரமும் ஒதுக்க வேண்டும். அவற்றின் நிர்வாகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர் குழுவுக்குப் பங்கு வேண்டும். தங்கவயல் மூடப்பட்டது போல் ஓர் ஆணையால் அவற்றை மூட இயலாதிருப்பது அப்போதுதான்.

இரண்டாவது, தொழிற்சங்கக் கோரிக்கை. பெங்களூரில் 2017 முதல் தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் செயல்பட்டு வருகிறது. நிறுவனம் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருளைப் பராமரிக்க ஊழியர் செலவிடும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும் என்ற கோரிக்கையை இத்தகைய சங்கங்கள் எழுப்பலாம். இரயிலில் செல்லும் நம் இளைஞர்களைச் சங்கத்தில் சேர்ப்பது இவ்வூர்க் கிளைகளின் பணி.

மூன்றாவது, நம் கையால் ஆவது. பெங்களூரில் கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் குடிசைப் பகுதி ஒன்றில் அம்பேத்கர் பெயரில் சமூகக் கணினி மையம் நடத்திக் காட்டினர். அத்தகைய மையம் இங்கும் தேவை. சோதனைக்குப் புதிய இயந்திரம் மட்டும் பயன்படும் என்று எண்ண வேண்டாம்; ஏழை மாணவன் வைத்திருக்கும் பழைய கணினியில் நிரல் ஓடுகிறதா என்பதைப் பழைய கணினியில்தான் அறிய முடியும். தமிழ் எழுத்து எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்துத் தெளிவாக எழுதி அனுப்பப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. தமிழ் தெரிந்திருந்தால் போதும். வாரம் ஒரு மாலை, ஒழுங்கான வருகைப் பதிவு, எழுதி வைத்த குறிப்பு, ஒருவர் விலகினால் அடுத்தவர் தொடரும் ஏற்பாடு ஆகியவை இருந்தால் வேலை நடக்கும். கிளைக் கூட்டம் நடத்தத் தெரிந்த எந்தத் தோழருக்கும் இது புதிதன்று. தொடங்குவோம், தோழர்களே.