ஷிப்ட் முடிந்த பிறகு நம் கண்ணும் கையும்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலை வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



பகல் ஷிப்டை முடித்துவிட்டுப் பஞ்சு ஒட்டிய தலையோடு வந்திருக்கிறீர்கள். நடவு முடிந்து, சேற்றைக் கழுவிக்கொண்டு நேரே வந்தவர்களும் இருக்கிறீர்கள். முன்வரிசைத் தோழர்கள் சிலர் இன்னும் கொஞ்ச நேரத்தில் முழு நைட்டுக்குப் போக வேண்டும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் மூத்த தோழர் ஒருவர் காலமானார். ஸ்பின்னிங்கில் 30 வருஷம் நின்ற மனிதர். அஞ்சலிக் கூட்டத்துக்கு மாலை வாங்கியாகிவிட்டது. மாலை போடப் படம் இல்லை. வீடு முழுக்கத் தேடினோம். கிடைத்தது ரேஷன் கார்டில் ஒட்டியிருந்த சின்னக் குடும்பப் படம்தான். அதிலிருந்து அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கினோம். மங்கிப்போன முகம். "அப்பா மாதிரியே இல்லையே" என்றான் மகன். மிஷின் முன்னால் அவர் நிற்கிற படம், கொடி பிடித்த படம், பேத்தியைத் தோளில் தூக்கிய படம் ஒன்றுகூடக் கிடையாது. அவர் நூற்ற நூல் எத்தனை ஊர் மக்களின் மேனியை மூடியிருக்கும்! அவர் முகத்தை வைத்துக்கொள்ள நம்மிடம் ஒரு காகிதம் இல்லை.

அதே மில்லின் ஆபீஸ் அறையில் முதலாளியின் தகப்பனார் படம், பாட்டனார் படம் எல்லாம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. யாருடைய முகம் நிலைக்கிறது, யாருடைய முகம் அழிகிறது என்று அன்றுதான் நமக்கு உறைத்தது.

மூன்றாவது எட்டு

"கூலிக்கே போராடி ஓயவில்லை. இதில் போட்டோ என்ன, கைவேலை என்ன?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதிலும் நம்முடைய போராட்டத்திலேயே இருக்கிறது.

எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் பொழுது, எட்டு மணி நேரம் ஓய்வு என்ற கோஷத்தை 1817-லேயே ராபர்ட் ஓவன் எழுப்பினார். அதற்காகத்தான் 1886-ல் சிகாகோ தொழிலாளர்கள் ரத்தம் சிந்தினார்கள். 1923 மே 1-ந் தேதி சென்னைக் கடற்கரையில் தோழர் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றினார். நூறு வருஷம் கழித்து என்ன நடந்தது? 2023 ஏப்ரல் 21-ந் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக எழுந்து நின்றன. மே தினத்தன்று அது வாபஸ் பெறப்பட்டது. ஆகவே மூன்றாவது எட்டு எவரும் தானம் கொடுத்ததல்ல. கொஞ்சம் அசந்தால் பறிபோகக்கூடியது.

அப்படிக் காத்த நேரத்தை என்ன செய்கிறோம்? பாதி சாராயக் கடைக்கு, பாதி செல்போனுக்கு என்று கரைகிறது. குறை சொல்லவில்லை. உடம்பு நொந்து வருகிறவன் மறதியைத்தான் தேடுவான். ஆனால் மறதி மறுநாள் காலையில் தீர்ந்துபோகும். நம் கையால் செய்த ஒரு பொருள், நாமே கற்ற ஒரு விஷயம் மறுநாளும் நம்மோடு இருக்கும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த மூன்றாவது எட்டே இல்லை. வயலிலிருந்தும் மில்லிலிருந்தும் வந்து அடுப்படியில் அடுத்த ஷிப்ட் தொடங்குகிறார்கள். சோறு வடிக்கவும் பாத்திரம் கழுவவும் ஆண்கள் கை கொடுக்காத வரைக்கும், இந்த வகுப்பில் பெண்கள் பக்கம் பாதி காலியாகத்தான் இருக்கும்.

காமிரா பிடித்த தொழிலாளர்கள்

நம் தோழருக்குப் படம் இல்லாத கதை நமக்கு மட்டும் நடந்ததல்ல. 1920-களில் ஜெர்மனியிலும் இதே குறைதான். பத்திரிகைகளுக்குப் படம் விற்ற ஏஜென்ஸிகளிடம் பிரபுக்களின் கல்யாணப் படம் இருக்கும், குதிரைப் பந்தயப் படம் இருக்கும். தொழிலாளி குடியிருக்கும் பொந்து வீட்டின் படம் இருக்காது. வில்லி முன்ஸன்பெர்க் நடத்திய தொழிலாளர் படப் பத்திரிகை, 1926 மார்ச்சில் தன் வாசகர்களுக்கு அறைகூவல் விடுத்தது. உங்கள் வேலையிடத்தை, உங்கள் வீட்டை, உங்கள் அன்றாட வாழ்க்கையை நீங்களே படம் பிடித்து அனுப்புங்கள் என்றது.

தொழிலாளர்கள் ஊருக்கு ஊர் குழுக்களாகச் சேர்ந்தார்கள். அந்த ஆண்டிலேயே 'தொழிலாளி புகைப்படக்காரர்' என்ற பெயரில் தனிப் பத்திரிகையும் வந்தது. வெளிச்சத்தை எப்படிக் கணிப்பது, பிலிமை எப்படிக் கழுவுவது என்று அது சொல்லிக்கொடுத்தது. வாசகர்கள் அனுப்பிய படங்களை வைத்துக்கொண்டு, எது சரி, எது சரியில்லை என்று வெளிப்படையாக விமர்சித்தது. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் இந்த இயக்கம் ஒடுக்கப்பட்டது. தொழிலாளி கையிலிருக்கும் காமிரா கொடுங்கோலனுக்கு எவ்வளவு ஆகாத பொருள் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

நம் நாட்டிலும் சாட்சி உண்டு. 1943-ல் வங்காளத்தில் பஞ்சம். செத்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. கல்கத்தாவில் படித்துக்கொண்டிருந்த சுனில் ஜானா என்ற இளைஞர் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர். தோழர் பி.சி. ஜோஷி அவரைப் பஞ்சம் பாதித்த பகுதிகளுக்கு அழைத்துச் சென்றார். அவர் எடுத்த படங்கள் கட்சிப் பத்திரிகையில் வந்து நாட்டின் மனசாட்சியை உலுக்கின. பொழுதுபோக்கு அன்று ஆயுதமாயிற்று.

சித்தபிரசாத் என்ற ஓவியரும் அப்போது பஞ்ச கிராமங்களில் நடந்தார். பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவர் அவர். கண்டதையெல்லாம் வரைந்து, எழுதி, 'பசித்த வங்காளம்' என்ற நூலாக்கினார். ஆங்கில அரசு அதைப் பறிமுதல் செய்து எரித்தது. அவர் கை ஓயவில்லை. லினோலியம் என்ற தரைவிரிப்புத் துண்டைச் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் அச்செடுப்பார். செதுக்கிய இடம் வெள்ளையாக விழும். விட்ட இடம் கறுப்பாக விழும். ஒரு தடவை செதுக்கினால் எத்தனையோ பிரதி எடுக்கலாம். ஏழைக்கு ஏற்ற கலை. பிற்காலத்தில் பம்பாயில் இருந்தபோது கைப்பொம்மைகளும் செய்து குழந்தைகளுக்கு ஆட்டம் காட்டினார்.

சுரங்கத்திலிருந்து வந்த சித்திரங்கள்

ஜானாவும் சித்தபிரசாத்தும் படித்த வீட்டுப் பிள்ளைகள், நமக்கு அது வருமா என்று தோன்றலாம். அப்படியானால் இங்கிலாந்தின் வடக்கே ஆஷிங்டன் என்ற நிலக்கரி ஊருக்குப் போவோம்.

1934-ல் அந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்கள் தொழிலாளர் கல்விச் சங்கத்தின் மூலம் மாலை வகுப்பு கேட்டார்கள். ஓவியங்களைப் பார்த்து ரசிப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை. ராபர்ட் லயன் என்ற கலை ஆசிரியர் நியூகாஸிலிலிருந்து வந்தார். பழங்கால இத்தாலிய ஓவியங்களைத் திரையில் காட்டி விளக்கினார். வந்தவர்களுக்கு ஒட்டவில்லை. லயன் புத்திசாலி; மாணவர்களைக் குறை சொல்லாமல் பாடத்தை மாற்றினார். "நீங்களே செய்து பாருங்கள், அப்போது புரியும்" என்ற வழிக்கு வந்தார். முதலில் லினோலியத்தில் செதுக்கினார்கள். பிறகு வண்ணம் தீட்டினார்கள்.

விலையுயர்ந்த சீலைக்கு எங்கே போவது? சாதாரணப் பலகையிலும் அட்டையிலும் தீட்டினார்கள். வீட்டுச் சுவருக்கு அடிக்கிற பெயிண்டையும் உபயோகித்தார்கள். வாரம் முழுக்கச் சுரங்க வேலை. கிடைத்த நேரத்தில் வீட்டில் ஒரு படம். அதை வகுப்புக்குக் கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள். எல்லோரும் கூடி விமர்சிப்பார்கள். எதை வரைந்தார்கள்? தங்களுக்குத் தெரிந்ததை. குனிந்து நிலக்கரி வெட்டுவதை, சுரங்கத்துக் குதிரையை, வீட்டுத் தோட்டத்தை, வளர்த்த நாயையும் புறாவையும் வரைந்தார்கள். 1936-ல் நியூகாஸிலில் அவர்கள் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

பேர் வந்ததும் சுரங்கத்தை விட்டு ஓடினார்களா? இல்லை. ஆலிவர் கில்பர்ன் போன்றவர்கள் சுரங்கத் தொழிலாளியாகவே இருந்து ஓவியராகவும் வாழ்ந்தார்கள். அந்தக் குழு சுமார் 50 ஆண்டு நடந்தது. படங்களைச் சில்லறையாக விற்றுத் தீர்க்காமல் பொதுச் சொத்தாகச் சேர்த்து வைத்தார்கள். உட்ஹார்ன் சுரங்கம் 1981-ல் மூடப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் இருக்கும் மியூசியத்தில் அவர்கள் படங்கள் வாழ்கின்றன. நிலக்கரி எரிந்து சாம்பலாயிற்று. வெட்டியவன் வரைந்த படம் நிற்கிறது.

கற்பதற்கு வயது கிடையாது

"நாற்பது வயசுக்கு மேல் என்ன படிப்பு?" என்று சொல்கிறவர்களுக்கு இங்கிலாந்து வேண்டாம், நம் புதுக்கோட்டையே போதும். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் இரவில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள், கேலி பேசிய ஊர்க் கண் முன்னாலேயே சைக்கிள் ஓட்டினார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். படித்தது பேனா பிடிக்க மட்டும் உதவவில்லை, இடுப்பையும் நிமிர்த்தியது.

எங்களுக்கும் பள்ளிப் படிப்பு பத்தாவதோடு சரி. மிச்சமெல்லாம் படிப்பகத்திலும் பஸ்ஸிலும் கற்றதுதான்.

நம்முடைய தவறு

சுயவிமர்சனமாக ஒன்று சொல்ல வேண்டும். கிளைக் கூட்டங்களுக்கு வருகிற ஒரு பையன், பேச்சு நடக்கும்போது நோட்டில் முகங்களை வரைந்துகொண்டே இருப்பான். "இது என்ன விளையாட்டு? கவனி" என்று அதட்டினோம். சுவரெழுத்து எழுத மட்டும் அவனைக் கூப்பிட்டோம். கொஞ்ச நாளில் அவன் வருவதையே நிறுத்திவிட்டான். அந்த நோட்டை ஒருநாளாவது வாங்கிப் பார்த்திருந்தால் நம் தோழர்களின் முகங்கள் அதில் இருந்திருக்கும். காலமான அந்த மூத்த தோழரின் முகமும் இருந்திருக்கலாம். படம் தேடி அலைந்த அன்றுதான் இது நினைவுக்கு வந்தது. அந்தப் பழி எங்களுடையது.

இப்போது செய்ய வேண்டியது

இன்று பல வீடுகளில் காமிரா உள்ள போன் இருக்கிறது. அந்த ஜெர்மன் தொழிலாளிக்கு இவ்வளவு வசதி கிடையாது. ஆகவே சிலவற்றை மட்டும் மனதில் வையுங்கள்.

வெளிச்சம் முகத்தில் விழும்படி ஆளை நிறுத்துங்கள். முதுகுக்குப் பின்னால் வெயில் இருந்தால் முகம் கறுத்துவிடும். தூரத்திலிருந்து இழுத்து எடுக்காமல் நாலடி கிட்டே போங்கள். முகத்தோடு கையையும் கருவியையும் எடுங்கள். அரிவாள் பிடித்த கையிலும் அறுந்த நூலை முடிகிற விரலிலும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. யாரை எடுத்தாலும் கேட்டுவிட்டு எடுங்கள். ஓடும் மிஷின் பக்கத்தில் ஒருபோதும் போனை எடுக்காதீர்கள்; படத்தைவிட விரல் பெரிது. மில் வாசல், டீக்கடை, களத்துமேடு போதும். மாதம் ஒரு படமாவது காகிதத்தில் அச்செடுத்து, பின்னால் பெயர், வேலை, ஊர், தேதி எழுதுங்கள். போன் உடைந்தால் படமும் போகும். காகிதம் பெட்டியில் கிடக்கும்.

கைவேலையைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களுக்குப் பனையோலையில் கொட்டான் முடையத் தெரியும். பெரியவர்களுக்கு வைக்கோலில் பிரிமணை சுற்றத் தெரியும். அதையெல்லாம் கலை என்று யாரும் சொல்லாததால் நாமும் அப்படி நினைக்கவில்லை. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

மாதத்தில் கடைசி ஞாயிறு மாலை, நம் படிப்பகத்தில் ஒரு கயிறு கட்டுவோம். அவரவர் எடுத்த படத்தை, வரைந்த சித்திரத்தை அதில் மாட்டுவோம். முடைந்த கூடையைக் கீழே வைப்போம். ஆஷிங்டன் தோழர்கள் செய்ததுபோல் கூடிப் பேசுவோம். ஒவ்வொருவரும் நல்லது ஒன்று சொல்ல வேண்டும், திருத்த வேண்டியது ஒன்று சொல்ல வேண்டும். கேலி கூடாது. வரைகிற அந்தப் பையனை அவன் வீட்டுக்கே போய் அழைத்துவரும் பொறுப்பு எங்களுடையது.

முடிக்கும் முன் ஒரு வார்த்தை. காலமான நம் தோழர், மில்லில் கழித்துப்போட்ட மரப் பாபின்களைச் சக்கரமாக்கித் தம் பேத்திக்கு ஒரு சின்ன வண்டி செய்து கொடுத்திருந்தார். இன்று அந்தப் பெண் பெரியவளாகிவிட்டாள். வண்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். அதன் சக்கரம் இன்னும் உருளுகிறது. 30 வருஷம் முதலாளிக்கு நூற்ற நூலில் அவர் பெயர் எங்கும் இல்லை. தமக்காக ஒதுக்கிய ஒரு மாலைப் பொழுதில் செய்த வண்டியில் அவர் இருக்கிறார்.

முதல் கூட்டத்துக்கு அந்த வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். நீங்களும் உங்கள் கையால் செய்த ஒன்றோடு வாருங்கள், தோழர்களே!