அந்த வார்டில் யார் நிற்கலாம்?

(கொடைக்கானலில் இளைஞர்கள் கூடிய அரங்கக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. உள்ளாட்சிகளில் ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதித்துவம் என் ஆய்வுப் பொருள். ஆனால் இன்று ஆய்வேட்டிலிருந்து பேசப் போவதில்லை. என்னால் உடனே பதில் சொல்ல முடியாமல் போன ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

கீழ்ப்பழனி மலையில், காப்பித் தோட்ட வேலையை நம்பி வாழ்ந்த சேரி எங்களுடையது. என்னோடு பள்ளியில் படித்த தோழி ஒருத்தி இருக்கிறாள். திருநங்கை. பதினேழு வயதில் வத்தலக்குண்டு பஸ் ஏறிக் கீழே போனவள், பல வருடம் ரயிலில் கைதட்டிப் பிழைத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறாள். போன மாதம் கேட்டாள்: "ஏண்டி, நம்ம வார்டை எஸ்.சி. பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டா, நான் நிக்கலாமா?"

எஸ்.சி. என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எங்கள் தெருவே அதற்குச் சாட்சி. பெண் என்பதில்தான் அலுவலகங்களுக்குச் சந்தேகம்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. மத்தியப் பிரதேசத்தின் கட்னி நகரில் கமலா ஜான் என்ற திருநங்கை மக்கள் வாக்களித்து மேயரானார். அது பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பதவி. தோற்றவர்கள் நீதிமன்றம் போனார்கள். அவர் பெண் அல்ல, ஆண் என்று சொல்லி, தேர்தல் செல்லாது என்றார்கள். 2003-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஓட்டுப் போட்ட மக்களுக்கு அவர் யார் என்று தெரிந்துதான் இருந்தது. சட்டத்துக்குத்தான் தெரியவில்லை.

அடுத்து மது கின்னர். சத்தீஸ்கர் மாநிலம் ராய்கரைச் சேர்ந்தவர். தலித் குடும்பத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. வீட்டை விட்டு வெளியேறித் திருநங்கையரோடு சேர்ந்தார். ஹவுரா - மும்பை ரயில்களில் ஆடிப்பாடிப் பிழைத்தார். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில், ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை உடையவர் என்றது. ஒன்பது மாதம்கூட முடியவில்லை. 2015 ஜனவரியில் மது ராய்கர் மேயர். கட்சி இல்லை. சுயேச்சை. பாஜக வேட்பாளரை 4,537 வாக்குகளில் வென்றார்.

செய்திகளில் 'திருநங்கை மேயர்' என்பது தலைப்பானது. தலித் என்பது உள்ளே ஒரு வரியாய்ப் போனது. தோழர்களே, இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். ரயிலில் கைநீட்டும் வாழ்க்கைக்கு அவரைத் தள்ளியதில் பாலினத்துக்கு எவ்வளவு பங்கு, சாதிக்கு எவ்வளவு பங்கு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? வாழ்க்கை அவற்றைப் பிரித்துத் தருவதில்லை. விண்ணப்பப் படிவம்தான் பிரித்துக் கேட்கிறது. ஒரு சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலக வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பது என்னவென்று இந்த மலையின் பளியர் மக்களைக் கேட்டால் சொல்வார்கள். என் தோழிக்கு அப்படி இரண்டு வாசல்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2008-லேயே நல வாரியம் கண்ட மாநிலம் இது. 2020-இல் திருச்செங்கோடு ஒன்றியத்தில் ரியா கவுன்சிலரானார். 2022-இல் வேலூர் மாநகராட்சி 37ஆவது வார்டில் கங்கா வென்றார். வித்தியாசம் வெறும் 15 ஓட்டு. இருவரும் திமுக. பெருமைதான். ஆனால் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தானே பெருமை? ஒரு கட்சி மனம் வைத்தால் இடம், இல்லாவிட்டால் இல்லை என்பது உரிமை ஆகாது. நலவாரியத்தில் உதவி வாங்குபவராக நம்மை ஏற்பவர்கள், மன்றத்தில் தீர்மானம் போடுபவராகவும் ஏற்க வேண்டும்.

சாதிச் சான்றிதழ் இல்லாத திருநர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்து 2015-இல் ஆணை வந்தது. அப்படியானால் தலித் திருநங்கைக்கு? எஸ்.சி. பட்டியலிலேயே இருக்கலாம், திருநங்கை என்பதற்கு அங்கே தனி இடம் கிடையாது. இதனால்தான் கிரேஸ் பானு போன்ற தோழர்கள் ஆண்டுக்கணக்காகக் கிடைமட்ட இட ஒதுக்கீடு கேட்கிறார்கள். ஒவ்வொரு சமூகப் பிரிவுக்கு உள்ளேயும் திருநர்களுக்கு ஒரு பங்கு. கர்நாடகம் 2021-இல் அரசு வேலையில் 1 சதவீதம் கொடுத்துவிட்டது.

அது சிக்கலான கணக்கு என்பார்கள். உள்ளாட்சியில் அந்தக் கணக்கைத்தான் முப்பது வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம். எஸ்.சி. இடங்களுக்குள்ளேயே பெண்களுக்குப் பங்கு என்று 73, 74ஆம் அரசமைப்புத் திருத்தங்கள் சொல்கின்றன. 2016-இல் தமிழ்நாடு அதை ஐம்பது சதவீதமாக்கியது. பெண்களுக்குத் தெரிந்த கணக்கு திருநர்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

என் தோழியின் கேள்விக்கு வருகிறேன். மகாராஷ்டிராவின் ஜல்காவ் மாவட்டத்தில் அஞ்சலி பாட்டீல் என்ற திருநங்கை, பெண்களுக்கான ஊராட்சி வார்டில் மனு செய்தார். தள்ளினார்கள். மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளைக்குப் போனார். 2021 ஜனவரியில், அவர் பெண்ணாகவே போட்டியிடலாம் என்றது நீதிமன்றம். நின்றார், வென்றார். அந்தத் தீர்ப்பு இங்கே தானாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் மாவட்டத்துக்கான மதுரைக் கிளையே 2019-இல், இந்துத் திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்றிருக்கிறது. மணமகளாக முடிந்தவர் வார்டு உறுப்பினராக முடியாதா?

நம் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தலில் அவள் மனு போடப்போகிறாள். ஜெயித்தால் அவள் கையில் இருக்கப்போவது பெரிய அதிகாரமல்ல: தெருக் குழாய், விளக்கு, சுடுகாட்டுப் பாதை. மழைக்காலத்தில் பிணம் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையில் நடந்தவர்களுக்கு அது சிறிய விஷயமும் அல்ல.

நேற்று அவளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். "நில்லுடி. தள்ளினா மதுரைக்குப் போவோம். என் ஓட்டு இன்னும் நம்ம ஊர்லதான் இருக்கு. முன்மொழிய நான் கையெழுத்துப் போடுறேன்."

அந்த வழக்குக்கு உங்களில் எத்தனை பேர் வருவீர்கள் என்பதுதான் இனி கேள்வி.

ஜெய் பீம்.