புறப்படாத பஸ்ஸும் நிரம்பிய நினைவகமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் செய்து, "ஏதாவது வெற்றிக் கதை பேசுப்பா" என்றார். "என்கிட்ட இருக்கிறது தோல்விக் கதைதான், பரவாயில்லையா?" என்றேன். "இருபது நிமிஷத்தில் முடித்தால் எதுவும் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டார். ஆகவே சொல்கிறேன்.

நாங்கள் இங்கே 1998-ல் படிப்பை முடித்தபோது கணக்கு என்றால் ராத்திரிக் கணக்குதான். பகலெல்லாம் சேர்ந்ததை ஒரே ஃபைலாக வைத்து, இரவில் மொத்தமாக ஓட்டி, காலையில் அச்சடித்துக் கொடுப்போம். இப்போது தகவல் ஓடை மாதிரி நிற்காமல் வருகிறது. வரவர அதிலேயே கணக்குப் போட வேண்டும். லிங்க்ட்இன் நிறுவனத்தில் பிறந்து 2011-ல் வெளியுலகுக்குத் திறந்துவிடப்பட்ட காஃப்கா அந்த ஓடையைச் சுமக்கிறது. பெர்லினில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாகத் தொடங்கிய ஃபிளிங்க் அதன் மேல் கணக்குப் போடுகிறது. நான் சொல்லப்போகும் நிறுவனத்தில் இரண்டும் இருந்தன. நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

குளிர்சாதன லாரிகளில் மருந்து அனுப்பும் வேலை அது. தடுப்பூசி என்றால் 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு லாரியும் சில விநாடிக்கு ஒருமுறை உள்வெப்பத்தை அனுப்பும். பத்து நிமிஷத்துச் சராசரி 8-ஐத் தாண்டினால் ஓட்டுநருக்கும் அலுவலகத்துக்கும் எச்சரிக்கை போகும்.

கேட்கச் சுலபம். ஆனால் லாரி மலைப்பாதையில் போனால் சிக்னல் இருக்காது. 10 மணிக்கு எடுத்த அளவு 10.04-க்கு வந்து சேரும். அதனால் வந்த நேரத்தை விட்டுவிட்டு, அளவு எடுத்த நேரத்தை வைத்துத்தான் கணக்கு. அப்படியானால் பத்து மணிக் கணக்கை எப்போது மூடுவது? இதற்கு வாட்டர்மார்க் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். "இந்த நேரத்துக்கு முந்தையது இனி வராது" என்று ஓடையே சொல்லும் அறிவிப்பு அது. கூகுள் பொறியாளர்கள் 2015-ல் எழுதிய டேட்டாஃப்ளோ கட்டுரையில் இந்தச் சிக்கல் நன்றாக விளக்கப்பட்டிருக்கிறது. மாணவர்கள் தேடிப் படியுங்கள்.

புரியவில்லை என்றால் நம் கல்லூரிச் சுற்றுலாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகுப்புப் பிரதிநிதியும் "எங்க ஆளுங்க எல்லாம் வந்தாச்சு" என்று சொன்னால்தான் பஸ் புறப்படும். எட்டுப் பேரில் ஏழு பேர் சொல்லிவிட்டார்கள். எட்டாவது ஆள் ஹாஸ்டலில் தூங்குகிறான். பஸ் நிற்கிறது. அடுத்த பஸ்ஸுக்கு வந்தவர்களும் ஏறி நின்றுகொண்டு மூச்சு முட்டுகிறது. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, "பஸ் சின்னது, பெரிய பஸ் கொண்டு வாங்க" என்கிறார்.

அந்தப் பெரிய பஸ் கேட்ட மேதை நான்தான்.

ஒரு வாரத்தில் இரண்டு மாற்றம் நடந்தது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் எழுதிய நிரல் பயன்பாட்டுக்கு வந்தது. அவரும் நம் கல்லூரிதான். அதே வாரம் எட்டாவதாக ஒரு டிப்போ சேர்ந்தது. டிப்போவுக்கு ஒரு பார்டிஷன் என்று ஓடையை எட்டாகப் பிரித்திருந்தோம். அன்றிலிருந்து ராத்திரி ஆனால் மெமரி ஏறும். மூன்று மணி வாக்கில் அவுட் ஆஃப் மெமரி என்று புரோகிராம் விழும். ரீஸ்டார்ட் செய்தால் சிறிது நேரத்தில் மறுபடி விழும்.

மெமரி லீக் என்று முடிவு கட்டினேன். புது நிரல்தான் காரணம் என்று குழு முழுவதற்கும் நான்கு வரிக் கடிதம் போட்டேன். அந்தப் பெண் வந்து, "சார், மெமரி ஏறுறதால அவுட்புட் லேட் ஆகுதுன்னு சொல்றீங்க. அவுட்புட் போகாததால மெமரி ஏறுதுன்னு இருக்கக்கூடாதா?" என்று கேட்டார். "முதல்ல உன் கோடைப் பாரும்மா" என்றேன். 8 ஜி.பி.யை 32 ஆக்கினேன். அன்றிரவு புரோகிராம் விழவில்லை. தீர்ந்தது என்று அறிவித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

அதே இரவு 11.30-க்கு ஒரு லாரியின் கதவு சரியாக மூடாமல் வெப்பம் ஏறத் தொடங்கியிருக்கிறது. எச்சரிக்கை வரவில்லை. வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்றுதான் இரவுப் பணியாளர் நினைப்பார், அவர் மேல் தப்பில்லை. காலை 5.30-க்கு இரவு முழுவதன் எச்சரிக்கைகளும் ஒரே நிமிஷத்தில் கொட்டின. இதுவும் அதில் ஒன்று. சரக்கு முழுவதையும் அழிக்க வேண்டியதாயிற்று. முன்பெல்லாம் புரோகிராம் விழுந்தாவது யாரையாவது எழுப்பிக்கொண்டிருந்தது. மெமரியைக் கூட்டி அதையும் நான் ஊமையாக்கியிருந்தேன்.

காலையில் அந்தப் பெண் வரைபடத்தைக் காட்டினார். மெமரி இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கி, 5.30-க்குச் செங்குத்தாக இறங்கியிருந்தது. உண்மையான லீக் தானாக இறங்காது. ரீஸ்டார்ட் செய்தும் பாரம் ஏன் குறையவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. செக்பாயிண்டில் எழுதி வைத்த நிலையை அப்படியே தூக்கிக்கொண்டல்லவா புரோகிராம் எழுந்திருக்கும்! விழுவதற்கு முன் எடுத்த ஹீப் டம்ப்பையும் அவர் திறந்து வைத்திருந்தார். இரவு 10.20-க்கு மூடியிருக்க வேண்டிய கணக்குகள் விடியற்காலை மூன்று மணிக்கும் திறந்தே கிடந்தன.

பிறகு வாட்டர்மார்க்கைப் பார்த்தோம். பத்து மணியிலேயே நின்றிருந்தது. எட்டாவது டிப்போவின் லாரிகள் பத்து மணிக்கு நிறுத்தப்பட்டுக் காலை 5.30-க்குத்தான் கிளம்பும். எல்லாப் பார்டிஷன்களிலும் பின்தங்கியது எதுவோ அதுதான் மொத்தத்துக்கும் வாட்டர்மார்க். தூங்கினது எட்டாவது ஆள்.

வைத்தியம் ஒரே வரி. பேசாமல் இருக்கும் பார்டிஷனை இத்தனை நேரத்துக்குப் பின் கணக்கில் சேர்க்காதே என்று சொல்லும் வசதி, வித்ஐடில்னெஸ் என்ற பெயரில், 2020-ல் வந்த ஃபிளிங்க் 1.11-லிருந்தே இருக்கிறது. இரண்டு நிமிஷம் வைத்தோம். இதிலும் ஒரு ஆபத்து உண்டு. தூங்கும் டிப்போவுக்கும் வலை அறுந்த டிப்போவுக்கும் இதற்கு வித்தியாசம் தெரியாது. அறுந்தது மீண்டு பழைய அளவுகளை அனுப்பினால், தாமதம் என்று சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அவற்றைத் தனி ஓடையில் திருப்பிப் பத்திரப்படுத்தினோம். நிமிஷத்துக்கு ஒருமுறை "இருக்கிறேன்" என்று டிப்போவே ஒரு செய்தி அனுப்புவதுதான் மேல் என்பது என் கட்சி. முதல் வழியே போதும் என்பது அந்தப் பெண்ணின் கட்சி. இரண்டையும் வைத்திருக்கிறோம்.

கடிகாரத்துக்கும் வாட்டர்மார்க்குக்கும் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் இப்போது என் போன் அடிக்கும். மெமரிக்கு அடிப்பதற்கு முன்பே அது அடிக்கும்.

இன்னொரு கூத்து. இவ்வளவுக்குப் பிறகும் மெமரி வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, இறங்கவே இல்லை. ஆக, உண்மையான லீக்கும் ஒன்று ஒளிந்திருந்தது! ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு புது எண், அந்த எண்ணுக்கு ஒரு குறிப்பு. பயணம் முடிந்தாலும் குறிப்பை யாரும் அழிக்கவில்லை. மூன்று நாளில் காலாவதியாகும்படி டி.டி.எல். வைத்ததும் கோடு படுத்துவிட்டது. அந்தப் பகுதியை எழுதியவர் யார் என்று பழைய பதிவைப் புரட்டினோம். நான்.

முதல் கடிதம் போன அத்தனை பேருக்கும் இரண்டாவது கடிதம் எழுதினேன். முதலாவது நான்கு வரி, இது ஒரு பக்கம் வந்தது. அந்தப் பெண் படித்துவிட்டு, "சார், வாட்டர்மார்க் நின்ன நேரத்தைத் தப்பாப் போட்டிருக்கீங்க" என்றார். திருத்தி மறுபடி அனுப்பினேன்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மாலை நான்கு மணிக்குக் கணிப்பொறி ஆய்வகத்தில் என் மடிக்கணினியோடு இருப்பேன். இரண்டு பார்டிஷன் வைத்து, ஒன்றை நிறுத்திவிட்டு, மெமரி ஏறுவதை உங்கள் கண் முன்னாலேயே காட்டுகிறேன். டீ குடித்துவிட்டே வாருங்கள்.