சாவுக்கு முந்தைய வாரம்



கருணாபுரத்தைப் படமெடுக்கப் போவதாக உங்களில் இரண்டு பேர் என்னிடம் கதை சொன்னீர்கள். இரண்டுமே 2024 ஜூனில், மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தவர்களின் உடல்கள் வரிசையாகக் கிடப்பதில்தான் தொடங்குகின்றன. அதைத் தொலைக்காட்சிகள் ஏற்கெனவே எடுத்துவிட்டன.

இரண்டு மாதம் கழித்து மாரி செல்வராஜின் 'வாழை' வந்தது. சிறுவயதில் தன் ஊர்க்காரர்களை லாரி விபத்தில் பறிகொடுத்தவர் அவர். புளியங்குளத்திலிருந்து சென்னைக்கு வந்து, இயக்குநர் ராமிடம் பல வருடம் உதவியாளராக இருந்து, 2018இல் பா. இரஞ்சித் தயாரிப்பில் 'பரியேறும் பெருமாள்' எடுத்தார். அந்தச் சாவைத் தொட்டது நாலாவது படத்தில். அதிலும் லாரி கடைசியில்தான் கவிழ்கிறது. அதுவரை ரஜினியா கமலா என்று பையன்கள் சண்டை போடுகிறார்கள். தார் சுமந்து கழுத்து வலிக்கிறது. கூலியை ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள். நமக்கு நன்றாகப் பழகிய பிறகுதான் அவர்கள் சாகிறார்கள்.

இங்கே அறுபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். பெரும்பாலும் தலித்துகள், தினக்கூலிகள். 'குடிகாரனுக்கு எதற்குப் பத்து லட்சம்?' என்று கேட்டவர்களுக்கு அந்த எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். மூட்டை தூக்கிய தோள் ராத்திரி எப்படி வலிக்கும், காவல் நிலையமும் நீதிமன்றமும் பக்கத்திலேயே இருக்க பாக்கெட் எப்படி விற்றது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

கேமராவை வாடகைக்கு எடுக்குமுன் ஒரு நோட்டு வாங்குங்கள். அதற்கு முந்தைய வாரம் உங்கள் தெருவில் யார் என்ன வேலைக்குப் போனார், என்ன கூலி, யாரிடம் கடன், எந்தப் பாட்டை முணுமுணுத்தார் என்று எழுதுங்கள். அப்பா அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகளிடம் மட்டும் இப்போது மைக்கை நீட்டாதீர்கள். மாரிக்கே இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.