செய்முறைக்கு முன் ஓர் ஊகம்

பள்ளி இயற்பியலை அன்றாட வாழ்விலிருந்து தொடங்க வேண்டும், மாணவரின் கைகளுக்கு வேலை தர வேண்டும் என்பதில் இந்த மாநாட்டுக்கு வந்திருப்போரிடையே கருத்து வேறுபாடு இருக்காது. அதற்கு அடுத்த படியைப் பற்றியே இந்தத் தொடக்க உரையில் பேச விரும்புகிறேன். சோதனைக்கு முன் மாணவர் தம் ஊகத்தை எழுதி வைக்கவும், சோதனை முடிந்தபின் கண்டதற்குக் காரணம் சொல்லவும் நாம் கேட்காவிட்டால், செய்முறை கைவேலையாகவே நின்றுவிடும் என்பது என் வாதம்.

வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் விளக்கு ஒரு கணம் மங்குகிறது. ஓடத் தொடங்கும் மோட்டார், சீராக ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. வீட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிகளுக்கும் மின்தடை உண்டு. அவ்வளவு மின்னோட்டம் பாயும்போது அங்கேயே மின்னழுத்தம் இறங்கிவிடுவதால் விளக்குக்குக் கிடைப்பது குறைகிறது. இதை வகுப்பறை மேசையில் காட்ட மின்கலங்கள், நீளமான மெல்லிய நிக்ரோம் கம்பி, இரண்டு டார்ச் பல்புகள் போதும். நிக்ரோம் கம்பி வழியாக ஒரு பல்பை எரியவிட வேண்டும். இரண்டாவது பல்பை அதற்குப் பக்க இணைப்பில் சேர்க்குமுன், முதல் பல்பின் வெளிச்சம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும். பக்க இணைப்பில் மின்னழுத்தம் மாறாது என்று மனப்பாடம் செய்தவர், அப்படியே இருக்கும் என்றுதான் எழுதுவார். பல்பு மங்கும். ஓம் விதி அவருக்கு உண்மையில் தேவைப்படுவது அப்போதுதான். ஊகத்தை எழுதாத மாணவரும் அதே பல்பைப் பார்த்திருப்பார். ஆனால் அவருக்குக் கேள்வி எதுவும் எழுந்திருக்காது.

இதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் ரிச்சர்டு ஹேக் 1998-ல் வெளியிட்ட ஆய்வு, 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் இயக்கவியல் புரிதலை அளந்தது. பாடத்துக்கு முன் தெரியாமலிருந்ததில் எவ்வளவு பின்னர் கைவந்தது என்று பார்த்தால், விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 23 விழுக்காடு; மாணவர் செய்து, விவாதித்துக் கற்ற வகுப்புகளில் 48 விழுக்காடு. மறுபக்கம், இங்கிலாந்துப் பள்ளிகளின் 25 செய்முறை வகுப்புகளை ஆராய்ந்து ஆபிரகாம்சும் மில்லரும் 2008-ல் எழுதியதையும் நாம் மறைக்கக் கூடாது. சொன்ன வேலையை மாணவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள்; அதன் பின்னுள்ள கருத்தோடு அதை இணைக்கும் முயற்சி அந்த வகுப்புகளில் குறைவாகவே இருந்தது. நம் பள்ளிகளின் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டியவர்களுக்கு இது வியப்பளிக்காது.

பாடத்திட்டம் முடியாது என்பது முதல் மறுப்பு. நேரம் கூடுதலாகும் என்பது மெய்தான். எல்லாப் பாடத்துக்கும் இது வேண்டியதில்லை. விசை, மின்சுற்று, வெப்பம், ஒளி என்று மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்களுக்குச் செய்தாலே பெரிய பயன் கிட்டும். விரிவுரையில்தான் நன்றாகப் புரிகிறது என்று மாணவர்களே சொல்கிறார்களே என்பது இன்னொரு மறுப்பு. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், செய்து கற்றவர்கள் தாங்கள் குறைவாகவே கற்றதாக நினைத்தார்கள். தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றவர்கள் அவர்களே.

மிகக் கனமான மறுப்பு தேர்வு முறையைப் பற்றியது. மனப்பாடத்துக்கு மதிப்பெண் தரும்வரை எந்த ஆசிரியரும் துணிய மாட்டார் என்பதை ஏற்கிறேன். ஆனால் மாற்ற முடியாது என்பதை ஏற்க மாட்டேன். மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வையும் செய்முறைத் தேர்வையும் சிற்றூர் மாணவர்களுக்கு நடத்திக் காட்டியது. 2002-ல் மாநில அரசு அதை நிறுத்தும் வரை நூற்றுக்கணக்கான பள்ளிகளில் அது நடந்தது. ஆகவே வினாத்தாள் குழுக்களில் இருப்போரிடம் ஒரு வேண்டுகோள்: இந்த ஆண்டு வினாத்தாளில் ஒரு வினாவையாவது, நடக்கப்போவதை ஊகித்துக் காரணம் எழுதச் சொல்லும் வினாவாக வையுங்கள்.