சி.டி.சி. 12 லட்சம்னா கையில எவ்வளவு வரும்?

முதல் ஆஃபர் லெட்டர் வந்த அன்னைக்கு நான் செஞ்ச முதல் வேலை, சி.டி.சி.யை 12-ஆல வகுத்ததுதான். வந்த தொகையை அம்மாகிட்ட பெருமையா சொன்னேன். அதை நம்பி பைக்கும் எடுத்தேன். முதல் மாசச் சம்பளம் அக்கவுண்ட்ல விழுந்தப்போதான் புரிஞ்சது, நான் வகுத்தது என் சம்பளத்தையே இல்லன்னு. இ.எம்.ஐ. கட்டினது போக மாசக் கடைசி வாரம் அம்மாகிட்டயே கை நீட்டினேன்.

சி.டி.சி.ன்னா உங்களால கம்பெனிக்கு ஆகுற மொத்தச் செலவு. உங்க கைக்கு வராததும் அதுல சேர்ந்திருக்கும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். சி.டி.சி. 12 லட்சம். பேசிக் அதுல பாதி, 6 லட்சம். வேரியபிள் பே 1 லட்சம். கம்பெனி பங்கு பி.எஃப். பேசிக்ல 12 சதவீதம், அதாவது 72,000. கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், சுமாரா 29,000. வேரியபிள் மாசாமாசம் வராது, முழுசா வரும்னும் சொல்ல முடியாது. இந்த மூணையும் கழிச்சா மிச்சம் 9,99,000. அதுலேர்ந்து உங்க பங்கு பி.எஃப். இன்னொரு 72,000 போகும். சென்னையில தொழில் வரி அரையாண்டுக்கு 1,250, வருஷத்துக்கு 2,500. கடைசியில மாசம் கையில நிக்கிறது சுமார் 77,000.

"வருமான வரி இன்னும் கழிக்கலையே?"ன்னு கேப்பீங்க. இந்த உதாரணத்துல கழிக்க ஒண்ணுமே இல்ல. 2025-26 நிதியாண்டுல, புதிய வரி முறையில, சம்பளத்துல 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போக மிச்சம் 12 லட்சத்தைத் தாண்டலைன்னா வரி கிடையாது. ஒரு லட்சம்னு நினைச்சது 77,000 ஆனதுக்கு வருமான வரி காரணமே இல்ல.

சரி, வருஷ கிராஸ் சம்பளமே 15 லட்சம்னா? 75,000 போக 14,25,000. "12 லட்சத்தைத் தாண்டிட்டா மொத்தத்துக்கும் 15 சதவீதம்"னு சிலர் பயமுறுத்துவாங்க. அப்படி இல்ல. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்ல. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அதுக்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மிச்சமிருக்கிற 2,25,000-க்கு மட்டும்தான் 15 சதவீதம், 33,750. கூட்டினா 93,750. அது மேல 4 சதவீதம் செஸ் சேர்த்தா 97,500. மாசத்துக்கு 8,125 பிடிப்பாங்க.

பி.எஃப். உங்க பணம்தான், வட்டியோட வளரும். ஆனா இந்த மாச வாடகையை அதுல கட்ட முடியாது.

அதனால கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஹெச்.ஆர்.கிட்ட மாசச் சம்பளத்தோட பிரேக்கப் கேளுங்க. பி.எஃப். முழு பேசிக்குக்கும் பிடிப்பாங்களா, இல்ல 15,000-க்கு மட்டும் கணக்கு வச்சு 1,800 பிடிப்பாங்களா? வேரியபிள் எப்போ வரும், போன வருஷம் எவ்வளவு குடுத்தாங்க? கேக்கக் கூச்சப்படாதீங்க. வீடு பாக்குறது, வண்டி எடுக்குறது எல்லாம் அந்தப் பதில் வந்ததுக்கு அப்புறம் வச்சுக்கலாம்.