மோட்டார்வேயில் எத்தனை மைல்?



நான் இங்கிலாந்தில் கார் பழக்கும் தொழிலில் இருப்பவன். 2018 யூன் மாதத்தில் இருந்துதான், பழகுகிற பிள்ளைகளையும் மோட்டார்வேக்குக் கூட்டிச் செல்ல எங்களுக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன் லைசென்ஸ் எடுத்தவர்கள், குறிப்பாக 80களிலும் 90களிலும் ஊரில் இருந்து வந்தவர்கள், மோட்டார்வேயைத் தாங்களாகவே பழகிக்கொண்டவர்கள். சோதனை பாஸ் பண்ணின கையோடு இரவு வேலைக்கு எம்25இல் ஏறி ஓடினவர்கள் எத்தனையோ பேர். ஆகவே இன்றைய பேச்சு இளைஞர்களைவிடப் பெற்றோருக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும்.

என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "நான் 70இல்தானே போனேன், பிறகேன் கடிதம் வந்தது?"

70 என்பது மணிக்கு 70 மைல், கிட்டத்தட்ட 112 கிலோமீற்றர். எம்1 சாலையை 1959இல் திறந்தபோது வேகக் கட்டுப்பாடே இருக்கவில்லை. 1965 டிசம்பரில் பரீட்சார்த்தமாகக் கொண்டுவந்து, 1967இல் நிரந்தரமாக்கினார்கள். ஆனால் அது உச்ச எல்லை மட்டுமே. சாலைக்குக் குறுக்கே மேலே நிற்கும் இரும்புச் சட்டத்தில் 50 என்று வெளிச்சத்தில் தெரிந்து, அதைச் சுற்றிச் சிவப்பு வட்டமும் இருந்தால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் சட்டம் 50தான். வட்டம் இல்லாத இலக்கம் ஆலோசனை மட்டும். "றோட் வெறுமையாகக் கிடந்தது, ஏன் 50 போட்டவங்கள்?" என்று கேட்பார்கள். உங்களுக்கு வெறுமையாகத் தெரிகிறது. இரண்டு மைலுக்கு அப்பால் வாகனங்கள் நின்றுகொண்டிருக்கலாம், லொறியில் இருந்து ஏதாவது விழுந்திருக்கலாம். கமராவுக்கு அந்த விளக்கமும் தேவையில்லை.

சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தால் அந்த லேன் மூடப்பட்டுவிட்டது. முன்னால் யாரோ பழுதாகி நிற்கிறார்கள், அல்லது ஒரு வேலையாள் சாலையில் இறங்கி நிற்கிறார். அதில் தொடர்ந்து ஓடினால் 100 பவுண் தண்டப்பணமும் 3 புள்ளியும். தண்டத்தை விடுங்கள், அங்கே நிற்பவரை நினையுங்கள்.

வான் ஓட்டுபவர்களுக்கு ஒரு தனிச் சொல். கடைக்குச் சாமான் ஏற்றப் போகும் பொருள் வானுக்கு மோட்டார்வேயில் 70 சரி. ஆனால் நடுவில் தடுப்புள்ள டூவல் கரேஜ்வேயில் 60, ஒற்றைச் சாலையில் 50. காரை அடிப்படையாக வைத்துச் செய்த சிறிய வான்களுக்கு இந்தக் குறைப்பு இல்லை. ஏ1, ஏ3 போன்ற சாலைகளின் சில பகுதிகள் பார்வைக்கு மோட்டார்வே போலவே இருக்கும். பலகையின் நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் மோட்டார்வே, பச்சை என்றால் இல்லை. எங்கள் கடைக்காரர் பலருக்குக் கடிதம் வருவது இந்தப் பச்சைப் பலகைச் சாலைகளில்தான்.

இனி நிற்பாட்டும் தூரம். ஹைவே கோட் புத்தகத்தின்படி 70 மைல் வேகத்தில் ஒரு கார் நிற்க 96 மீற்றர் தேவை. அதில் முதல் 21 மீற்றர், கண் கண்டு கால் பிறேக்குக்குப் போவதற்கே முடிந்துவிடும். 50இல் மொத்தம் 53 மீற்றர். 50இல் வந்தவர் நின்றுவிட்ட பிறகும் 70இல் வந்தவருக்கு இன்னும் 43 மீற்றர் வேண்டும். இதுவும் காய்ந்த சாலையில், நல்ல ரயரோடு, முழு விழிப்போடு இருப்பவருக்கான கணக்கு. லெஸ்ரரிலோ பேர்மிங்ஹாமிலோ கல்யாண வீடு, சாமத்தியச் சடங்கு முடித்து, நள்ளிரவில் எல்லோரும் காருக்குள் நித்திரையாக இருக்க லண்டன் திரும்புகிற அப்பாவுக்கு அந்த 21 மீற்றர் எவ்வளவாக நீளும் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குறைந்தது 15 நிமிடம் நிற்பாட்டி ஆறுங்கள். முன்னால் போகும் வாகனம் ஒரு பாலத்தைத் தாண்டியதும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணுங்கள். எண்ணி முடிக்கமுன் நீங்கள் பாலத்துக்கு வந்துவிட்டால் கிட்டப் போய்விட்டீர்கள். மழை என்றால் நாலு வரை எண்ணுங்கள்.

வேகமாகப் போய் மிச்சம் பிடிப்பது என்ன? 20 மைல் தூரத்தை 70இல் போனால் 17 நிமிடம், 80இல் போனால் 15 நிமிடம். இரண்டு நிமிடத்தில் ஒரு தேத்தண்ணியும் குடிக்க ஏலாது.

வலது பக்க லேனை எங்கள் ஆக்கள் "பாஸ்ற் லேன்" என்பார்கள். அப்படி ஒரு லேன் கிடையாது. அது முந்துவதற்கான லேன், அதிலும் எல்லை அதேதான். முந்தி முடிந்தால் இடது பக்கம் வாருங்கள்.

கடைசியாகக் கடிதம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கமரா பிடித்தால், கார் யாருடைய பெயரில் பதிவோ அவருக்குப் பதினான்கு நாட்களுக்குள் கடிதம் வரும். ஓட்டியவர் யார் என்று 28 நாட்களுக்குள் எழுத வேண்டும். எங்கள் வீடுகளில் கார் அப்பா பெயரில், ஓட்டுவது மகன். மகன் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும், இரண்டு சோதனையும் திரும்ப எடுக்க வேண்டும். அதனால் "நான்தான் ஓட்டினேன் என்று எழுதிவிடுகிறேன்" என்று அப்பா முன்வருவார். பிள்ளைப் பாசம் எனக்கும் விளங்கும். ஆனால் சட்டத்தில் அது நீதிக்குக் குறுக்கே நின்ற குற்றம். 2003இல் எம்11இல் நடந்த ஒரு வேகக் குற்றத்துக்கு, அரசியல்வாதி கிறிஸ் ஹியூனின் புள்ளிகளை அப்போது மனைவியாக இருந்த விக்கி பிரைஸ் ஏற்றுக்கொண்டார். 2013இல் இருவருக்கும் எட்டு எட்டு மாதச் சிறை. அமைச்சராக இருந்தவருக்கே அந்தக் கதி. விசாவோ பிரஜாவுரிமையோ இன்னும் முடியாத வீட்டில் ஒரு சிறைத் தண்டனை என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடிதத்தை லாச்சிக்குள் போட்டு மூடினாலும் தப்ப முடியாது. பதில் எழுதாமல் விட்டால் அதற்கே 6 புள்ளி. வேகம் கொஞ்சம்தான் கூட என்றால், கடந்த மூன்று வருடத்தில் போகாதவருக்குப் புள்ளிக்குப் பதிலாக ஒரு வகுப்பு தருவார்கள். காசு கட்டிப் போகலாம். ஆங்கிலக் கடிதம் விளங்காவிட்டால் பிள்ளையிடமோ தெரிந்தவரிடமோ அன்றைக்கே வாசிக்கக் கொடுங்கள். யார் ஓட்டினாரோ அவருடைய பெயரை எழுதி, அந்தப் படிவத்தை ஒரு போட்டோப் பிரதி எடுத்து வைத்துவிட்டுத் தபாலில் போடுங்கள்.

அடுத்த மாதம் பனிக்கால ரயர் பற்றிப் பேசுவோம்.